ஆட்டு ரோமத்தை நூற்கும் முன் கார்டிங் செய்வதா, சீப்பால் வாருவதா?

பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியும்படி கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் ஒரு முழு ஆட்டின் ரோமம் இருக்கிறது. மெல்லிய, நெளிவு அதிகமுள்ள ரகம், இழை நீளம் சுமார் 7 சென்டிமீட்டர். நீங்களே கழுவி, கை கார்டிங் பலகையில் சீவி, இராட்டையில் நூற்கிறீர்கள். நூல் முழுக்கக் கடுகளவு உருண்டைகள் வருகின்றன. இன்னும் கொஞ்சம் சீவினால் போய்விடும் என்று நினைத்து மறுபடி மறுபடி சீவியதில் உருண்டைகள் கூடித்தான் போயின. பலகையை ஓரமாக வைத்துவிட்டுச் சீப்பு வாங்கச் சொல்லி ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அது சரியா என்று கேட்கிறீர்கள். அந்த நூலில் ஸ்வெட்டர் பின்னப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உருண்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பது ஒன்று. இந்த ரோமத்துக்கும் நீங்கள் பின்னப் போகும் ஸ்வெட்டருக்கும் எந்தத் தயாரிப்பு பொருந்தும் என்பது இன்னொன்று. எந்தக் கருவி வாங்குவது என்பது இவை இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு வர வேண்டிய விஷயம். நான் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவன், பல வருடங்களாகக் கையால் நூற்று வருகிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் உங்கள் ரோமத்தை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் எந்த ரோமத்துக்கும் உறுதியாகப் பொருந்துவதைத் தனியாகவும், நீங்களே சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தனியாகவும் சொல்கிறேன்.

முதலில் இரண்டு வேலைகளுக்கும் உள்ள வேறுபாடு. கார்டிங் பலகையில் நடுவில் மடங்கிய குட்டையான கம்பிப் பற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். இரண்டு பலகைகளையும் எதிரெதிராக இழுக்கும்போது மயிர்க்கொத்துகள் பிரிந்து, இழைகள் தனித்தனியாகி, மெல்லிய படலமாகப் பரவுகின்றன. ஓரளவுக்கு ஒரே பக்கம் திரும்பும், ஆனால் குறுக்காகவும் மடிந்தும் கிடக்கிற இழைகள் நிறைய இருக்கும். முக்கியமான விஷயம், பலகையில் வைத்தது எல்லாம் அந்தப் படலத்துக்குள்ளேயே இருக்கிறது. நீள இழை, குட்டை இழை, உடைந்த துண்டு, சிறு முடிச்சு எதுவும் வெளியே போவதில்லை. கொஞ்சம் தூசியும் துரும்பும் உதிரும், அவ்வளவுதான்.

சீப்பு செய்வது வேறு வேலை. நீளமான, கூரான ஊசிகள் ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ வரிசைகளாக நிற்கும். ஒரு சீப்பில் ரோமத்தை மாட்டி இன்னொரு சீப்பால் வாரும்போது நீள இழைகள் கைச்சீப்புக்கு மாறிப் போகின்றன. குட்டை இழைகளும் முடிச்சுகளும் உடைந்த நுனிகளும் பழைய சீப்பின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. தங்கியதை எடுத்து ஒதுக்கிவிடுவோம். ஆலைகளில் அதை நாய்ல் என்பார்கள். மீதி இருப்பது ஏறக்குறைய ஒரே நீளமுள்ள, ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கிற இழைகள். அதை நீண்ட பட்டையாக உருவி எடுத்தால் டாப் என்று பெயர். ஆக, கார்டிங் இருப்பதையெல்லாம் கலக்குகிறது, சீப்பு வேண்டியதை மட்டும் பொறுக்குகிறது. இது ரகத்துக்கு ரகம் மாறாது, எந்த ஆட்டு ரோமத்துக்கும் பொருந்தும்.

இயந்திரங்கள் வந்த வரலாற்றிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் லூயிஸ் பால், டேனியல் போர்ன் இருவரும் 1748-லேயே கார்டிங் இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சீப்பு வேலைக்கு எட்மண்ட் கார்ட்ரைட் 1790-ஐ ஒட்டி ஒரு இயந்திரம் செய்தார். ஆனாலும் பிராட்ஃபோர்ட் வட்டாரத்தில் 1840-கள் வரை பெருமளவு கம்பளியைக் கையால் வாருகிற தொழிலாளர்கள்தான் தயார் செய்தார்கள். பற்களைச் சுழலவிட்டு இழைகளைப் பரப்புவது இயந்திரத்துக்குச் சீக்கிரம் கைவந்தது. குட்டையை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் பிடித்து இழுப்பது லேசில் வரவில்லை. கையில் சீப்பு பிடித்து வாருகிற ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய தொழிலாளர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. கரி அடுப்பில் சீப்பைச் சூடாக்கி, ரோமத்தில் எண்ணெய் தடவி, அந்தப் புகையிலேயே நாள் முழுக்க நின்று வாரியவர்கள் அவர்கள்.

சரி, உங்கள் உருண்டைகளுக்கு வருவோம். ஆலை வழக்கில் இதற்கு நெப் என்று பெயர். சில இழைகள் தங்களுக்குள் சுற்றிக்கொண்டு முடிச்சாகிவிட்ட நிலை. ஒரு முறை முடிச்சு இறுகிவிட்டால் கார்டிங் பல் அதை அவிழ்க்காது. பற்களுக்கு நடுவில் உருட்டும், பக்கத்து இழையையும் சேர்த்துச் சுற்றிவிடும். கூடுதலாகச் சீவியதில் உருண்டைகள் கூடிய காரணம் இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. பல்லில் சிக்கிய இழை இழுபட்டு அறுந்தால், அறுந்த முனை தெறித்துச் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருள் அடுத்த உருண்டைக்குத் தொடக்கமாகிவிடும்.

மெல்லிய ரோமத்தில் இது ஏன் இவ்வளவு மோசமாக நடக்கிறது என்பதற்கு எளிய இயற்பியல் காரணம் இருக்கிறது. ஒரு இழை வளைய மறுக்கிற விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 36 மைக்ரான் தடிமனுள்ள இழையோடு ஒப்பிட்டால், 18 மைக்ரான் இழையின் விறைப்பு பாதி இல்லை, பதினாறில் ஒரு பங்குதான். மெரினோ போன்ற மெல்லிய ரகங்கள் 18 மைக்ரானுக்கு அருகில் வரும், லிங்கன் போன்ற நீள் ரோம ரகங்கள் 36 மைக்ரானைத் தொடும். மெல்லிய இழை சிறு உராய்வுக்கே மடங்கிச் சுற்றிக்கொள்ளும். தடித்த இழை நிமிர்ந்து நின்றுவிடும். அதனால் பருத்த ரோமத்தில் பழகிய ஒருவர், "நான் பத்து தடவை சீவுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அனுபவம் உங்கள் ரோமத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

உருண்டைகளுக்கான விதை பெரும்பாலும் பலகைக்கு வரும் முன்பே ரோமத்தில் இருக்கும். நான் பார்த்த வரையில் நான்கு இடங்களில் தேட வேண்டும். முதலாவது, ரோமத்தைக் கத்தரித்த விதம். கத்தரிப்பவர் ஒரே இடத்தில் இரண்டாம் முறை கத்தியை ஓட்டினால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துண்டுகள் விழுந்து, ரோமத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ரோமத்தை அடிப்பக்கம் மேலே தெரியும்படி விரித்துப் போட்டுப் பார்த்தால் இவை சிறு பஞ்சுப் பொட்டுகளாகத் தெரியும். கழுவும் முன்பே உதறியும் விரலால் பொறுக்கியும் எடுத்திருக்க வேண்டியவை. இப்போதும் எடுக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். கார்டிங் செய்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு உருண்டையாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இழையின் பலம். ஆட்டுக்கு நோய் வந்தாலோ, தீனி குறைந்தாலோ, குட்டி ஈன்ற சமயத்தில் உடல் நலிந்தாலோ, அந்த நாட்களில் வளர்ந்த ரோமம் மெலிந்திருக்கும். அந்த இடத்தில் ஒவ்வொரு இழையும் பலவீனமாக இருக்கும். சோதிப்பது எளிது. விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு கொத்தை எடுத்து, இரண்டு முனைகளையும் இறுகப் பிடித்து, காதருகே வைத்து வெடுக்கென்று இழுங்கள். ‘டங்’ என்று தெளிவான ஒலி வந்தால் நல்ல ரோமம். மொறமொறவென்று சத்தம் கேட்டால் இழைகள் உள்ளே அறுகின்றன. கொத்து இரண்டாகவே வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். தோள், விலா, பின்தொடை என்று பல இடங்களிலிருந்தும் கொத்து எடுத்துச் சோதியுங்கள். நுனி மட்டும் வெயிலில் வெளுத்து ஒடிகிறது என்றால் நுனியைக் கத்தரித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். நடுவில் அறுகிறது என்றால் அந்த ரோமத்தை எந்தக் கருவியும் காப்பாற்றாது. கார்டிங்கில் உருண்டையாகும், சீப்பில் பாதிக்கு மேல் கழிவாகும்.

மூன்றாவது, கழுவியது போதுமா என்பது. மெல்லிய ரகங்களில் ரோம மெழுகு, அதாவது லனோலின், மிக அதிகம். அது 40 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு உருகும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் உருகிய மெழுகு தண்ணீர் ஆறியதும் திரும்ப இழையிலேயே படிந்துவிடும். காய்ந்த பிறகு விரலில் பிசுபிசுப்பு தெரிந்தால், அல்லது கொத்து நுனிகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால், கழுவியது போதவில்லை. 60 முதல் 70 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, ரோமத்தை உள்ளே அமிழ்த்தி, கால் மணி நேரம் கிளறாமல் விடுங்கள். ஆறுவதற்கு முன்பே வெளியே எடுத்து, அதே சூட்டில் உள்ள புதுத் தண்ணீரில் போடுங்கள். இப்படி இரண்டு மூன்று தண்ணீர் வரை மாற்ற வேண்டியிருக்கும். இவ்வளவு சூடு கையைச் சுட்டுவிடும், தடித்த ரப்பர் கையுறை அவசியம். ஓடும் குழாயின் கீழே பிடிக்காதீர்கள், பிசையாதீர்கள். ஈரத்தில் அசைவு கூடினால் இழைகளின் மேலுள்ள செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரோமம் கட்டியாகிவிடும். அதுதான் நான்காவது இடம். கழுவும்போதே லேசாகக் கட்டிப்போன ரோமம் காய்ந்ததும் கொத்துகளாகப் பிரியாமல் மொத்தமாக வரும். அதைப் பலகையில் பலமாக இழுத்தால் இழைகள் அறுந்து உருண்டைகளாகும்.

இவற்றில் உங்களுடையது எது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் உங்கள் பலகையைப் பற்றியும் ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. பொதுவாக விற்கிற கம்பளிப் பலகைகளில் ஒரு சதுர அங்குலத்துக்கு சுமார் 72 பற்கள் இருக்கும். நடுத்தர ரோமத்துக்கு அது நல்லது. மெல்லிய ரகங்களுக்கு 112 பற்கள் அளவிலான பலகை பொருந்தும். பருத்திப் பலகையில் இன்னும் நெருக்கம். அளவு குறித்திருக்காவிட்டால் ஒரு அங்குலச் சதுரம் வரைந்து எண்ணிப் பாருங்கள். பற்கள் அகலமாக நின்றால் மெல்லிய இழை அவற்றுக்கு நடுவில் புரண்டுகொண்டே இருக்கும், திறக்காது.

சீவும் முறையும் முக்கியம், பெரும்பாலான புத்தகப் படங்களில் இது தெரியாது. பலகையில் ரோமத்தை மிகக் குறைவாக வைக்க வேண்டும், அடியில் பற்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வைக்கும் முன் ஒவ்வொரு கொத்தையும் விரலால் பிரித்து, நுனியை விரித்துவிட வேண்டும். இந்தப் பிரிக்கிற வேலையை அலுப்பாக நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் நல்ல கார்டிங்கில் பாதி வேலை அதுதான். அப்புறம் முதல் வீச்சுகளில் மேல் பலகை ரோமத்தின் நுனியை மட்டும் தொட வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் உள்ளே போகலாம். இரண்டு பலகைகளின் பற்களும் ஒன்றோடொன்று கடிக்கக் கூடாது. கரகரவென்று கம்பி உரசும் சத்தம் கேட்டால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். கேட்க வேண்டியது மெல்லிய சரசரப்பு மட்டுமே. ரோமத்தை ஒரு பலகையிலிருந்து மற்றொன்றுக்கு இரண்டு மூன்று முறை மாற்றினால் போதும். படலம் சீராகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு அதை எடுத்து விளிம்பிலிருந்து மெதுவாகச் சுருட்டினால் ரோலாக் தயார். மூன்று முறைக்குப் பிறகும் படலம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், நான்காவது முறைக்குப் போகாதீர்கள். அடுத்த கைப்பிடியை வைப்பதற்கு முன் இன்னும் நன்றாகப் பிரித்து வையுங்கள்.

டிரம் கார்டர், அதாவது பற்கள் பதித்த உருளைகளைச் சுழற்றிச் சீவும் கருவி வாங்கினால் தீருமா என்று இதே இடத்தில் பலரும் கேட்பார்கள். வேலை வேகமாகும். ஆனால் அதுவும் கார்டிங்தான், எதையும் பொறுக்கி எடுக்காது. வேகமாகச் சுற்றினால் மெல்லிய இழையை இன்னும் சுலபமாக அறுக்கும்.

இனி சீப்பு. உங்களுக்கு யோசனை சொன்னவர் ஒரு விஷயத்தில் சரி. முடிச்சுகளையும் குட்டைத் துண்டுகளையும் வெளியே எடுக்கக்கூடியது சீப்பு மட்டும்தான். ஆனால் சீப்பு ரோமத்தின் நீளத்தை நம்பியிருக்கிறது. 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தயங்காமல் வாரலாம். 20 சென்டிமீட்டரைத் தாண்டும் லிங்கன் போன்ற ரோமத்தைக் கைப்பலகையில் போட்டால் இழை பலகையின் அகலத்தையும் தாண்டி மடிந்து சிக்கிக்கொள்ளும், அதற்குச் சீப்பே சரி. 5 சென்டிமீட்டருக்குக் குறைவான ரோமத்தைக் கையால் வாருவது வீண் வேலை, சீப்பில் பிடிப்பதற்கே நீளம் போதாது. உங்கள் 7 சென்டிமீட்டர் நடுவில் நிற்கிறது. பெரிய ஆங்கிலேயச் சீப்புகள் இதற்குப் பொருந்தாது. ஊசிகள் நெருக்கமாக உள்ள சின்னக் கைச்சீப்பு ஜோடியில் முடியும், ஆனால் கழிவு கணிசமாக இருக்கும்.

எவ்வளவு கழிவு என்பதைச் சீப்பு வாங்காமலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு கார்டிங் பலகையை மேசையில் பற்கள் மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த ரோமத்தில் 20 கிராம் எடை போட்டு எடுங்கள். ஒவ்வொரு கொத்தாக எடுத்து, கத்தரித்த அடிப்பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இறுகப் பிடித்து, நுனிப்பக்கத்தைப் பலகையில் மெதுவாகத் தட்டி இழுங்கள். நுனி திறந்ததும் கொத்தைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தையும் அதேபோலச் செய்யுங்கள். பலகையில் தங்குவதுதான் ஏறக்குறைய உங்கள் கழிவு. கையில் மிஞ்சிய கொத்துகளை எடை போடுங்கள். 20 கிராமில் 14 கிராம் மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது என்று பொருள். சீப்பில் இதைவிடக் கூடுதலாகத்தான் போகும், குறையாது. கையில் உள்ள கொத்துகளை அப்படியே நூற்றும் பாருங்கள். உருண்டைகள் மறைந்துவிட்டால் ரோமம் நல்லதுதான், குட்டைத் துண்டுகளும் கார்டிங்கும்தான் பிரச்சினை. அப்போதும் உருண்டைகள் வந்தால் இழை அறுகிறது என்று முடிவு செய்யலாம்.

இந்தக் கணக்கை ஸ்வெட்டருக்குப் போட்டுப் பாருங்கள். கழுவிய ரோமம் 900 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35 சதவீதம் கழிந்தால் மிஞ்சுவது 585 கிராம். பெரியவர்களுக்கான ஸ்வெட்டருக்குப் பெரும்பாலும் அது போதும், ஆனால் சீப்பால் வாரிய நூல் அடர்த்தியானது, அதே தடிமனில் அதே நீளத்துக்கு எடை கூடுதலாகப் பிடிக்கும். கார்டிங் செய்த நூல் உள்ளே காற்றை வைத்துக்கொண்டு உப்பி நிற்கும், குறைந்த எடையில் அதிக நீளம் கிடைக்கும். மொத்த ரோமமும் கொஞ்சமாக இருந்தால் இந்த வித்தியாசம் முக்கியம்.

எந்த நூல் ஸ்வெட்டருக்கு நல்லது என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் விருப்பத்தையும் சேர்ந்தது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. ரோலாக்கிலிருந்து, இழைகள் இழுபட்டு மெலியும் இடத்துக்குள்ளேயே முறுக்கு ஓடும்படி கையைப் பின்னால் நீட்டி இழுத்து நூற்ற நூல் லேசானது, மென்மையானது, துள்ளல் உள்ளது. ஆனால் இழை முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் உராய்வில் சீக்கிரம் பொங்கி உருண்டை கட்டும். டாப்பிலிருந்து, முறுக்கை விரலால் தடுத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்து நூற்ற நூல் வழவழப்பானது, உறுதியானது, பின்னல் வடிவங்கள் தெளிவாகத் தெரியும். காலுறை, லேஸ் சால்வை இவற்றுக்கு எனக்குச் சீப்புதான் பிடிக்கும். மெல்லிய, நெளிவான, குட்டை ரோமத்தில் ஸ்வெட்டர் என்றால் கார்டிங்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். அந்த நெளிவு இயல்பாகவே உப்ப விரும்புகிறது, அதைச் சீப்பால் வாரி வாரி நேராக்கி அடர்த்தியான நூலாக்குவதில் அதன் நல்ல குணம் ஒன்று போய்விடுகிறது.

விவாதத்துக்கு இடமுள்ள விஷயங்களும் இருக்கின்றன. கார்டிங் நூல் எப்போதும் அதிக வெதுவெதுப்பு தரும் என்பார்கள். நூலுக்குள் காற்று தங்குவது உண்மை, ஆனால் ஆடையின் வெதுவெதுப்பைப் பின்னலின் நெருக்கமும் தடிமனும் காற்றடிப்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஆடையைப் பார்க்காமல் நூலை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. டாப்பை எந்த முனையிலிருந்து நூற்க வேண்டும் என்பதிலும் ஆளுக்கொரு கட்சி. செதில்களின் திசையால் ஒரு பக்கம் உராய்வு குறைவு என்பது நிச்சயம். முடிந்த நூலில் அது கைக்குத் தெரியுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, ரோமத்தைப் பொறுத்தும் மாறும். இரண்டு முனையிலும் கொஞ்சம் நூற்றுப் பார்த்து உங்கள் கை எதை விரும்புகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். கார்டிங் செய்த பட்டையை, டாப்பை நூற்பதுபோல முன்னால் இழுத்து நூற்றால் அதற்கு என்ன பெயர் என்ற சண்டையும் ஓயாது நடக்கும். பெயரை விட்டுவிட்டு நூலைப் பாருங்கள்.

சோதனை செய்த பிறகும் சீப்பே வேண்டும் என்று முடிவு செய்தால், ஒரு சீப்பை மேசையோடு கவ்வியால் இறுக்கிப் பொருத்துங்கள். இரண்டையும் கையில் பிடித்து மடியில் வைத்து வாருவதைப் பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஊசிகள் சதையில் ஆழமாக இறங்கும், ஆட்டு ரோமத்தில் மண்ணும் சாணமும் பட்டிருக்கும், அதனால் டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. வேலை நின்ற நிமிடமே ஊசிகளுக்கு உறை போடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். கொத்துகளின் கத்தரித்த அடிப்பக்கத்தை ஊசிகளில் மாட்டி, நுனி வெளியே தொங்கும்படி விடுங்கள். ஊசி உயரத்தில் பாதிக்கு மேல் ரோமம் ஏறக் கூடாது. வறண்ட நாளில் இழைகள் மின்னேற்றம் பெற்று நாலாபக்கமும் பறக்கும். தண்ணீரில் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் குலுக்கி லேசாகத் தெளித்தால் அடங்கும். எண்ணெய் போட்ட டாப்பை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், சிக்குவாடை வரும். நூற்றவுடன் நூலைக் கழுவிவிடுங்கள்.

கைச்சீப்பை நிலைச்சீப்புக்குச் செங்குத்தாக ஓட்டி, நுனியின் கடைசி ஓரத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் குத்தி இழுத்தால் இழைகள் அறும், புது முடிச்சுகள் விழும். ரோமம் மாறியதும் நிலைச்சீப்பில் தங்கியதை எடுத்துவிட்டு, திரும்ப மாற்றுங்கள். மூன்று முறை மாற்றினால் பொதுவாகப் போதும். கடைசியில் டிஸ் என்கிற சின்னத் துளையிட்ட தகட்டின் வழியே நுனியை நுழைத்து, ஒரு இழை நீளத்துக்குக் குறைவாகக் குறைவாக இழுத்து, தகட்டை முன்னால் தள்ளிக்கொண்டே போங்கள். பட்டை மெலிந்து முடிச்சுகள் தென்படத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் வரும்போலிருக்கிறதே என்று தோன்றும் அந்தக் கடைசிப் பகுதிதான் நூலில் மறுபடி உருண்டைகளைக் கொண்டுவருவது.

ஒரே ஆட்டின் ரோமமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. தோளில் மெல்லியதாகவும், பின்தொடையில் தடித்தும், வயிற்றில் குட்டையாகவும் அழுக்காகவும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கலந்து கழுவியிருந்தாலும், கொத்துகள் இன்னும் கொத்துகளாகவே இருந்தால் நீளத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். என்னுடைய யோசனை, இதற்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள். 8 சென்டிமீட்டருக்கு மேலுள்ளவற்றை ஒரு குவியலாகவும், மற்றவற்றை இன்னொரு குவியலாகவும், அறுகிறவற்றையும் கட்டிப்போனவற்றையும் மூன்றாவதாகவும் போடுங்கள். முதல் குவியலைத் தட்டி இழுத்தோ வாரியோ மணிக்கட்டு, கழுத்துப் பட்டிகளுக்கு நூற்கலாம், உராய்வு அதிகம் படுகிற இடங்கள் அவை. இரண்டாவது குவியலை மறுபடி சூட்டில் கழுவி, நன்றாகப் பிரித்து, குறைவாகச் சீவி, உடம்புப் பகுதிக்கு நூற்கலாம். ரோலாக்குகளை மாதக்கணக்கில் குவித்து வைத்தால் எடையில் அமுங்கி இழுப்பு போய்விடும், ஒரு வாரத்தில் நூற்க முடிகிற அளவு மட்டும் தயார் செய்யுங்கள். சீப்பு வாங்குவதை இந்தச் சோதனைகள் முடியும் வரை தள்ளிப் போடுங்கள். நெருக்கமான பற்களுள்ள பலகை வாங்குவதுதான் உங்களுக்கு முதலில் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே உருண்டை விழுந்துவிட்ட ரோலாக்குகளைத் திரும்பச் சீவ வேண்டாம். அவை கெட்டுப் போகவில்லை, வழவழப்பான நூலுக்கு மட்டும்தான் உதவாது. ஈரத்தில் தேய்த்துக் கம்பளித் தகடு செய்ய நன்றாக இருக்கும், பொம்மைக்குள் அடைக்கலாம். நிறம் ஏற்றி, வேறு நல்ல ரோமத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கார்டிங் செய்தால் ட்வீட் துணியில் தெரிகிற புள்ளிகள் போலத் தனி அழகுள்ள நூல் வரும். பத்துக்கு ஒரு பங்கு கலந்து ஒரு சின்னச் சதுரம் பின்னிப் பாருங்கள், பிடித்திருந்தால் அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.